ஆசை வற்றிவிட்டதா, அடைபட்டிருக்கிறதா? சீன மருத்துவர் என்னிடம் கேட்ட கேள்விகள்

வாசுகி_ஈசூன் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். எனக்கு 41 வயது. சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நாட்களாக மனத்துக்குள் போட்டுப் புரட்டிவிட்டு எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளாக எனக்குத் தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. கணவர் மீது வெறுப்பு ஏதும் கிடையாது. இரவில் அவர் கை தோளில் பட்டால், காலை ஐந்தரைக்கு எழ வேண்டுமே என்ற நினைப்புதான் முதலில் வருகிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் கையை எடுத்துக்கொள்வார். அந்தக் கையை எடுத்துக்கொள்ளும் நொடிதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

வேலையிடத்தில் ஒரு சீனத் தோழி, 'உனக்குச் சிறுநீரகம் பலவீனம், உடம்பைச் சூடேற்றும் மாத்திரை சாப்பிடு' என்று ஒரு பெயரை எழுதித் தந்தார். மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். மிளகைவிடச் சிறிய கறுப்பு உருண்டைகள், வேளைக்கு எட்டு. மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால் விடியும் வரை தூக்கமில்லை. பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். நாட்டம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

பிறகுதான் பதிவுபெற்ற ஒரு சீன மருத்துவரிடம் போனேன். அறுபது வயதை நெருங்கும் பெண்மணி. பாதி மலாய், பாதி ஆங்கிலம். மேசைமேல் உள்ளங்கையளவு தலையணை ஒன்றை வைத்து, அதில் என் மணிக்கட்டைச் சாய்த்து மூன்று விரல்களை வைத்தார். இடக்கையில் நடுவிரலை மட்டும் அழுத்தி, தளர்த்தி, மறுபடி அழுத்தி வெகுநேரம் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். அதன்பின் கேள்விகள். பாதம் சில்லிடுகிறதா? இரவில் சிறுநீர் கழிக்க எழுவீர்களா? முழங்கால் தளர்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். மாதவிலக்குக்கு முன் மார்பு வலிக்குமா? விலாப்புறம் இறுக்கமாக இருக்குமா? அடிக்கடி பெருமூச்சு விடுவீர்களா? நான் பதில் சொல்வதற்குள் எனக்கே தெரியாமல் ஒரு பெருமூச்சு வந்தது. அவர் எழுதிக்கொண்டார்.

கடைசியில் அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, வாய்க்கால்தான் அடைபட்டிருக்கிறது. அடைப்பு இருக்கும்போது கிணற்றுக்கு அடியில் தீ மூட்டினால் என்ன ஆகும்? அந்த உருண்டைகளை அன்றே நிறுத்தச் சொன்னார். காலை ஒன்று, இரவு ஒன்று என வெந்நீரில் கலக்கிக் குடிக்கத் தூள் பொட்டலங்கள் கொடுத்தார்.

இதன் தத்துவம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டும். குறைந்த நாட்டம் என்றால் சிறுநீரகப் பலவீனம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அவர் ஏன் வேறு சொன்னார்?

---

நெறியாளர்:

உடல்நலம் பற்றிய இழை. பெயர், முகவரி, மருத்துவமனைப் பெயர் எதையும் எழுத வேண்டாம். எழுதியவரைக் கூச்சப்பட வைக்கும் பதில்கள் நீக்கப்படும்.

---

கணக்கர்_திருச்சி:

சகோதரி, துணிந்து எழுதியதற்கு முதலில் என் மரியாதை. ஆனால் என் கவலையைச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் வேலை பார்த்த என் அண்ணனிடம் ஒரு சீன வைத்தியர் 'கிட்னி வீக்' என்று சொல்லிவிட்டார். அவர் நேராக ஆய்வுக்கூடத்துக்கு ஓடி, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் பரிசோதனை செய்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் ஒரு மாதம் சாப்பாடு இறங்கவில்லை. சிறுநீரகத்துக்கும் காம இச்சைக்கும் என்ன தொடர்பு? மூன்று விரலை வைத்துப் பார்த்து ஒரு மனுஷிக்கு ஆசை ஏன் இல்லை என்று சொல்ல முடியுமா? உண்மையாகவே கேட்கிறேன்.

---

மரு_குவாங்சோ:

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் நீளமாகப் பதில் எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தமிழ்நாட்டுக்காரன். எம்.பி.பி.எஸ். படித்தது சீனாவில். அங்கே என்னோடு படித்த நம் மாணவர்கள் எல்லோருக்கும் சீன மருத்துவம் ஒரு பாடம். பலர் தேர்வுக்கு மட்டும் படித்தார்கள். எனக்கு அதில் ஒட்டுதல் ஏற்பட்டு, விடுமுறை நாட்களில்கூட அந்தப் பிரிவில் போய் உட்கார்ந்திருப்பேன். இப்போது ஊரில் நவீன மருத்துவம்தான் பார்க்கிறேன்.

முதலில் அந்தச் 'சிறுநீரகம்'. சீனத்தில் 'ஷென்' என்கிறார்கள். அது நாம் ஸ்கேனில் பார்க்கும் உறுப்பு மட்டும் அல்ல. பிறப்பு, வளர்ச்சி, பூப்பு, கருவுறுதல், முதுமை, எலும்பு, தலைமுடி, காது எல்லாவற்றையும் ஆளும் ஒரு செயற்கூட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர். அதற்குள் 'ஜிங்' என்ற சாரம் சேமிக்கப்பட்டிருக்கிறது. பெற்றோரிடமிருந்து வந்த மூலதனம் அது. தினமும் சாப்பாடும் தூக்கமும் அதை ஓரளவு நிரப்பும். கிரியேட்டினின் பார்த்து இதை அளக்க முடியாது. கணக்கர் ஐயாவின் அண்ணனுக்கு அந்த வைத்தியர் இதை விளக்கியிருக்க வேண்டும். விளக்காமல் 'கிட்னி வீக்' என்று சொல்லிவிடுவது பெரிய தவறு.

சீன மருத்துவத்தின் மூல நூலான 'ஹுவாங்தி நெய்ஜிங்' முதல் அத்தியாயத்திலேயே ஒரு வயதுக் கணக்கு வருகிறது. பெண்ணுக்கு ஏழு ஏழாக, ஆணுக்கு எட்டு எட்டாக. பெண் 14 வயதில் பூக்கிறாள், 28ல் உடல் முழு வலிமை பெறுகிறது, 35ல் முகம் வாடத் தொடங்குகிறது, 49ல் மாதவிலக்கு நிற்கிறது. ஆணுக்கு 16ல் தொடக்கம், 32ல் உச்சம், 40ல் சிறுநீரக ஆற்றல் இறங்கத் தொடங்கி முடி உதிர்கிறது. 2000 ஆண்டுகளுக்கு முந்தைய நூல் இது. 28ம் 49ம் இன்றைய மகப்பேறு மருத்துவர் சொல்லும் கணக்குக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் நாட்டம் குறைந்தால் சிறுநீரகம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அங்கேதான் பிழை. நாட்டம் வர மூன்று வேண்டும் என்று என் ஆசிரியர் சொல்வார். சிறுநீரகத்தில் தீயும் நீரும் இருக்க வேண்டும். கல்லீரல் அதை ஓடவிட வேண்டும். இதயம் சம்மதிக்க வேண்டும். கல்லீரல் என்பதும் இங்கே ஒரு செயற்கூட்டம்தான். உடலுக்குள் உயிராற்றலைத் தடையில்லாமல் ஓடவிடுவது அதன் வேலை. கல்லீரலின் நாடிப்பாதை கால் பெருவிரலில் தொடங்கித் தொடை உட்புறமாக ஏறி, பிறப்புறுப்பைச் சுற்றிக்கொண்டு வயிற்றுக்கும் விலாவுக்கும் போகிறது என்று பழைய நூலே சொல்கிறது. விழுங்கிய கோபம், சொல்ல முடியாத ஆற்றாமை, ஓயாத பொறுப்பு ஆகியவை இந்தப் பாதையைக் கட்டிப்போடும். விலா இறுக்கம், மாதவிலக்குக்கு முன் மார்பு வலி, பெருமூச்சு, வீணைக் கம்பியைத் தொட்டதுபோல விறைத்த நாடி. வாசுகி அக்காவின் இடக்கையில் நடுவிரலை அவர் வெகுநேரம் வைத்திருந்தது இதனால்தான். இடக்கையில் மணிக்கட்டுப் பக்கத்து விரல் இதயத்துக்கு, நடுவிரல் கல்லீரலுக்கு, மூன்றாவது சிறுநீரகத்துக்கு. வலக்கையில் நுரையீரல், மண்ணீரல், பிறகு 'மிங்மென்' எனப்படும் உயிர்வாசலின் தீ.

ஒரு காலைப்பொழுது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரே குறை சொல்லிக்கொண்டு மூன்று ஆண்கள் வந்தார்கள். முதலாமவர் ஐம்பதைக் கடந்தவர். ஜூன் மாத வெயிலில் இடுப்பில் கம்பளிப் பட்டை கட்டியிருந்தார். நாக்கு வெளிறி, தடித்து, ஓரமெல்லாம் பல் தடம். இரவில் மூன்று முறை எழுகிறார். அவருக்குத் தீ குறைவு. இரண்டாமவர் மெலிந்த இளைஞர், இரவு வேலை பார்ப்பவர். உள்ளங்கையும் உள்ளங்காலும் எரிகின்றன, தூக்கத்தில் வியர்க்கிறது, நாக்கு சிவந்து படலமே இல்லை. அவருக்கு நீர் குறைவு. மூன்றாமவர் வேலை போனவர், வாயைத் திறந்தாலே பெருமூச்சு. அவருக்கு அடைப்பு. மூவருக்கும் மூன்று வெவ்வேறு மருந்துச் சீட்டுகள். இரண்டாமவருக்கு முதலாமவரின் மருந்தைக் கொடுத்தால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதைதான். வாசுகி அக்காவுக்கு வாய்ப்புண் வந்ததும் அதனால்தான்.

---

வாசுகி_ஈசூன்:

டாக்டர், அந்தப் பெருமூச்சு பற்றிப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. அப்படியானால் எனக்குக் கொடுத்த தூள் என்னவாக இருக்கும்? பொட்டலத்தில் சீன எழுத்து மட்டும் இருக்கிறது. சாய்ஹு, தாங்குய் என்று இரண்டு பெயர்களை அவர் வாயால் சொன்னது நினைவிருக்கிறது. புதினா வாசனை வருகிறது.

---

மரு_குவாங்சோ:

அந்த இரண்டோடு புதினா வாசனையும் என்றால் 'சியாவோயாவ் சான்' வகையாக இருக்க அதிக வாய்ப்பு. கவலையின்றி உலவுதல் என்பது அந்தப் பெயரின் பொருள். சொங் அரச காலத்து அரசு மருந்தகக் குறிப்பேட்டில் இருந்து வருவது. சாய்ஹு அடைப்பைத் திறக்கும், தாங்குயும் வெண்பியோனி வேரும் இரத்தத்தை வளர்க்கும், அதிமதுரமும் இஞ்சியும் வயிற்றைக் காக்கும் என்பது அவர்கள் கணக்கு. அடுத்த முறை போகும்போது பொருள் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா? இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்குத் தாங்குய் ஆகாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதிமதுரம் நாள்பட ஆகாது.

---

பினாங்கு_மல்லிகை:

அக்கா, எனக்கு அடைப்பும் இல்லை, சூடும் இல்லை. வெறும் களைப்பு. இரண்டாவது பிரசவத்தில் நிறைய இரத்தம் போயிற்று. எட்டு மாதமாகத் தாய்ப்பால். மாமியார் படுத்த படுக்கை. இங்கே பினாங்கில் நாங்கள் போகும் சின்சே (சீன வைத்தியர்) நாடி பார்த்துவிட்டு 'இதயமும் மண்ணீரலும் காலி' என்றார். நினைத்து நினைத்தே மண்ணீரல் தேய்கிறது என்றும் சொன்னார். மருந்தைவிட அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு உதவியது. என் கணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, 'இவருக்கு முதலில் தூக்கம் கொடு, அப்புறம் மற்றதைக் கேள்' என்றார். அன்றிலிருந்து இரவு இரண்டாவது முறை குழந்தை அழுதால் அவர் எழுகிறார்.

---

மரு_குவாங்சோ:

மல்லிகை, உங்கள் சின்சேவுக்கு என் வணக்கம். அவர் சொன்னதை நான் படித்த மருத்துவமும் வேறு சொற்களில் சொல்லும். தாய்ப்பால் கொடுக்கும்போது பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ஏறி, பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்கியிருக்கும். நாட்டம் குறைவதும் பிறப்புறுப்பு உலர்வதும் அந்த நேரத்தில் இயல்பு. உங்கள் உடல் பழுதாகிவிட்டது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மணியம்_சுங்கைப்பட்டாணி:

ஐயா, எனக்கு 52 வயது. சர்க்கரை நோய் பதினொரு ஆண்டாக இருக்கிறது. ஆசை இருந்தும் உடல் ஒத்துழைக்காமல், பிறகு ஆசையே விட்டுப்போயிற்று. பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் ஒரு கடையில் எருதின் படம் போட்ட ஆண்மை மாத்திரை விற்கிறார்கள். எல்லாம் மூலிகை, சிறுநீரகத்துக்குப் பலம், பக்கவிளைவு இல்லை என்று எழுதியிருக்கிறது. நண்பர் ஒருவர் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் பலன் தெரிந்தது என்கிறார். வாங்கலாமா?

---

மரு_குவாங்சோ:

மணியம் அண்ணா, தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும் 'மூலிகை' மூலிகையாக இருக்காது. உள்ளே சில்டெனாஃபில் (வயாக்ராவில் உள்ள மருந்து) போன்ற மருந்தை அளவே இல்லாமல் கலந்திருப்பார்கள். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அதைச் சாப்பிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

சிங்கப்பூரில் 2008ல் நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில், சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை அபாயமாகக் குறைந்து அரசு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். தேடிப் பார்த்ததில், சட்டவிரோதமாக விற்ற ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மருந்து கலந்திருந்தது.  ஏழு பேர் மூளை பாதிக்கப்பட்டு நினைவு திரும்பாமல் கிடந்தார்கள், பிறகு நான்கு பேர் இறந்தார்கள். அந்த மாத்திரைகளில் சிலவற்றையும் மூலிகை என்று சொல்லித்தான் விற்றார்கள். நீங்களோ ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர். அதன்மேல் அளவு தெரியாத இன்னொரு பங்கு இறங்கினால் என்ன ஆகும்?

உங்கள் குறைக்குச் சர்க்கரையே பெரிய காரணமாக இருக்கலாம். இரத்தக் குழாயையும் நரம்பையும் அது தின்கிறது. விறைப்பு குறைவது சில சமயம் இதய நோய்க்கு முன்னால் அடிக்கும் மணி. உங்கள் மருத்துவரிடம் வெட்கத்தை விட்டுச் சொல்லுங்கள். சர்க்கரை அளவு, கொழுப்பு, காலை வேளையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன், இதயப் பரிசோதனை. இவற்றுக்குப் பிறகு சின்சேயிடம் போக விருப்பம் இருந்தால் தாராளமாகப் போகலாம். என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்ற சீட்டை அவரிடமும் காட்டுங்கள்.

---

மணியம்_சுங்கைப்பட்டாணி:

வாங்கவில்லை ஐயா. மனைவியிடமும் இதைப் படித்துக் காட்டினேன். புதன்கிழமை கிளினிக்குக்கு அவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

---

கணக்கர்_திருச்சி:

டாக்டர், உங்கள் விளக்கம் என் கண்ணைத் திறந்தது உண்மைதான். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. தீ, நீர், அடைப்பு என்பதெல்லாம் அழகான உவமைகள். உவமை அழகாக இருப்பதால் அது மருந்தாகிவிடுமா? அந்த மூலிகைகள் வேலை செய்கின்றன என்பதற்கு என்ன ஆதாரம்?

---

மரு_குவாங்சோ:

நியாயமான கேள்வி. ஆதாரம் ஒரே சீராக இல்லை. யின்யாங்ஹுவோ என்று ஒரு இலை உண்டு. ஆடு மேய்ப்பவர்கள், இதைத் தின்ற கடாக்கள் ஓயாமல் பெட்டைகளைத் தேடுவதைக் கண்டு சொன்னதாக ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன மருத்துவ அறிஞர் தாவ் ஹொங்ஜிங் பெயரில் ஒரு கதை வழங்குகிறது. அதில் உள்ள இக்காரின் என்ற பொருள், சில்டெனாஃபில் தடுக்கும் அதே நொதியை ஆய்வுக்கூடத்தில் தடுக்கிறது. ஆனால் பலம் மிகக் குறைவு. கண்ணாடிக் குடுவையில் நடப்பது மனித உடலில் அப்படியே நடந்துவிடாது. முழு மருந்துக் கலவைகளைப் பற்றிச் சீனாவில் நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை சிறியவை, போலி மருந்தோடு ஒப்பிடாதவை. அவற்றை வைத்துக்கொண்டு நிரூபிக்கப்பட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மூலிகை என்றால் தீங்கில்லை என்பதும் பொய். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் மெலிய ஒரு சிகிச்சை நிலையத்தில் கொடுத்த சீன மூலிகையில் வேர் மாறிப்போனதால், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள், இந்த முறை ஸ்கேனில் தெரியும் சிறுநீரகங்களேதான், கெட்டுப்போயின.

நான் மதிப்பது வேறொன்றை. குறைந்த நாட்டத்தோடு ஒருவர் என் அறைக்கு வந்தால், எனக்குக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் நான் ஒரு ஹார்மோன் சீட்டு எழுதி அனுப்பிவிடுவேன். அந்த அம்மா வாசுகி அக்காவிடம் பாதம், முழங்கால், மாதவிலக்கு, விலா, பெருமூச்சு என்று கேட்டிருக்கிறார். எது குறைந்தது என்று கேட்பதற்கு முன் எங்கே நின்றுபோயிற்று என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விமுறையை நான் அங்கிருந்து கொண்டுவந்தேன்.

பழைய ஆசான்களே சூடேற்றும் மருந்தில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் ஜாங் ஜொங்ஜிங் எழுதிய சிறுநீரக உருண்டையில் எட்டுப் பொருள்கள். குளிர்ச்சியும் ஈரமும் தரும் திஹுவாங் கிழங்கு 8 பங்கு. தீ மூட்டும் இலவங்கப்பட்டை மரக் கொம்பு 1 பங்கு, பதப்படுத்திய நாபி என்ற நச்சுக் கிழங்கு 1 பங்கு. மொத்தம் 27 பங்கில் தீ வெறும் 2. விளக்கில் எண்ணெய் நிறையவும் திரி சிறியதாகவும் இருப்பதுபோல. பின்னால் 11ம் 12ம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த குழந்தை மருத்துவர் சியென் யி, குழந்தைகளுக்குத் தீ வேண்டாம் என்று அந்த இரண்டையும் நீக்கி ஆறு பொருள் உருண்டை ஆக்கினார். 17ம் நூற்றாண்டில் ஜாங் ஜியெபின், யாங் என்ற தீயை வளர்க்கத் தெரிந்தவன் அதை யின் என்ற நீருக்குள் தேடுவான் என்று எழுதினார். இன்று கடையில் 'சூடு, பலம், வேகம்' என்று விற்பவர்கள் இவர்களைப் படித்திருந்தால் அப்படி விற்கமாட்டார்கள்.

---

நாடிவழி_பாளை:

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். குவாங்சோ மருத்துவர் சொன்ன நாபி நம்மிடமும் உண்டு. சுத்தி செய்யாமல் தொட்டால் நஞ்சு. சீனர்களும் அதை நெடுநேரம் கொதிக்க வைத்துத்தான் கொடுப்பார்கள். வீட்டில் யாரும் முயலக் கூடாது.

இரண்டு செய்திகள். முதலாவது, நாடி. நாமும் மூன்று விரல் வைக்கிறோம், அவர்களும் மூன்று விரல் வைக்கிறார்கள் என்பதால் இரண்டும் ஒன்று என்று சிலர் எழுதுகிறார்கள். நம் மூன்று விரல் வாதம், பித்தம், கபம். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. அவர்கள் இரு கையிலும் உறுப்புவாரியாக, மேலே தொட்டும் ஆழமாக அழுத்தியும் பார்க்கிறார்கள். யாங் என்றால் பித்தம், யின் என்றால் கபம் என்று பொருத்திக்கொண்டு இரண்டு மருந்தையும் கலக்காதீர்கள்.

இரண்டாவது செய்திதான் எனக்கு முக்கியம். என்னிடம் வரும் இளைஞர்களில் பாதிப்பேர் நோயாளிகளே அல்ல. 'தாது நஷ்டம்' என்ற பயம் பிடித்தவர்கள். சுவரொட்டி ஒட்டி லாட்ஜில் வைத்தியம் பார்ப்பவர்கள் கிளப்பிவிட்ட பயம் அது. ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு இரத்தம் என்று நம்பிக்கொண்டு, மெலிந்து, தூங்காமல் வருகிறார்கள். சீனர்களிடமும் இதே பயம் 'ஷென்குய்' என்ற பெயரில் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் 1994ஆம் ஆண்டுக் கையேட்டில் நம் தாது நோயும் அவர்களின் ஷென்குய்யும், பண்பாட்டோடு பிணைந்த நோய்கள் என்ற ஒரே பட்டியலில் இருந்தன. ஆகவே ஒரு பையனிடம் 'உனக்குச் சிறுநீரகச் சாரம் குறைந்துவிட்டது' என்று சொல்வதற்கு முன் எந்த மருத்துவரும் பத்து முறை யோசிக்க வேண்டும்.

---

மரு_குவாங்சோ:

நாடிவழி ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீன மருத்துவர் சுன் சிமியாவ், எத்தனை நாளுக்கு ஒருமுறை விந்து வெளியேறலாம் என்று வயதுவாரியாக ஒரு கணக்கு எழுதி வைத்தார். இருபது வயதினர் 4 நாளுக்கு ஒருமுறை, முப்பதில் 8 நாள், நாற்பதில் 16 நாள், ஐம்பதில் 20 நாள் என்று. அதை இன்று இணையத்தில் சட்டம்போல எடுத்துப் போட்டு இளைஞர்களைக் கலங்கடிக்கிறார்கள். பயமே சிறுநீரகத்தைத் தாக்கும் உணர்ச்சி என்று அதே மருத்துவம் சொல்வதை மட்டும் யாரும் எடுத்துப் போடுவதில்லை.

---

மழைத்துளி_27:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு 27 வயது. மனச்சோர்வுக்கு ஓராண்டாக மாத்திரை எடுக்கிறேன். மனம் தேறிவிட்டது. ஆனால் உடலில் எந்த உணர்வும் எழுவதில்லை. திருமணம் பேசுகிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு அக்கா சொன்ன தூளைச் சாப்பிடலாமா?

---

மரு_குவாங்சோ:

தங்கை, மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம், பழைய சோர்வு எல்லாம் ஒன்றாகத் திரும்பலாம். நீங்கள் சொல்வது அந்த வகை மாத்திரைகளின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. எழுதிக் கொடுத்தவரிடம் இதே சொற்களில் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், வழி இருக்கிறது. வாய் திறந்து சொல்ல முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். என் நோயாளிகள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

---

வாசுகி_ஈசூன்:

மூன்று மாதம் கழித்து வருகிறேன். தனிச்செய்தியில் கேட்டவர்கள் பலர், அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

குவாங்சோ டாக்டர் மல்லிகைக்குச் சொன்னதைப் படித்துவிட்டு நானும் இரத்தப் பரிசோதனை செய்தேன். தைராய்டு சரியாக இருக்கிறது. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9 தான். எவ்வளவு நாளாக அந்த அளவில் ஓடிக்கொண்டிருந்தேனோ! அதற்கு மாத்திரை எடுக்கிறேன். முடிவுத் தாளைச் சீன மருத்துவரிடமும் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்துவிட்டு, 'நல்லது, இதையும் சாப்பிடுங்கள், என் தூளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்' என்றார்.

ஊசியும் போட்டார். காலில் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மேற்பக்கம் ஒன்று, கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உட்புறம் ஒன்று. வலி என்று சொல்ல முடியாது, கனமாக ஒரு இழுப்பு. கொப்பூழுக்குக் கீழே மாசிபத்திரி இனத்துச் சுருட்டைப் பற்றவைத்துத் தோலில் படாமல் சூடு காட்டுவார்களே, அது வேண்டுமா என்று கேட்டேன். 'உங்களுக்குத் தீ வேண்டாம்' என்று மறுத்துவிட்டார்.

மூன்றாவது முறை போனபோது, வீட்டில் எதை விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறாரோ என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் பேச்சைக் கேட்காமல் வீட்டுச் சேமிப்பிலிருந்து கணவர் ஒரு பெரிய தொகையைத் தம்பிக்குக் கொடுத்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் குடும்பம் இரண்டாகும் என்று பயந்து அப்படியே உள்ளே போட்டு மூடினேன். என் நாட்டம் எப்போது போயிற்று என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அப்போதிலிருந்துதான்.

அன்றிரவு பிள்ளைகள் தூங்கியபின் அடுக்களையில் நின்றபடியே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டு, கொஞ்சம் கத்தியும் சொன்னேன். அவர் வாதாடவில்லை. 'நீ அன்றைக்கே கேட்டிருக்கலாமே' என்றார். அதற்கும் சண்டை போட்டேன். தம்பியிடமிருந்து பணம் இன்னும் வரவில்லை. ஆனால் விலாவில் அந்த இறுக்கம் இப்போது இல்லை. தூளால் குறைந்ததா, இரும்பால் குறைந்ததா, அந்த இரவால் குறைந்ததா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மாதவிலக்குக்கு முன் மார்பு வலியும் குறைந்திருக்கிறது. மற்றது மெல்ல வருகிறது. போன வாரம் நானாக அவர் கையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன்.

---

பினாங்கு_மல்லிகை:

அக்கா, கடைசி வரியைப் படித்துவிட்டு என் கணவருக்கும் காட்டினேன். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கிறது. என் சிங்கப்பூர் நாத்தனாருக்கு இதே பிரச்சினை. ஒரு முறை போனால் எவ்வளவு ஆகும்? மொழி தெரியாமல் எப்படிச் சமாளிப்பது?

---

வாசுகி_ஈசூன்:

மல்லிகை, இடத்துக்கு இடம் கட்டணம் மாறும். வசதி குறைந்தவர்களுக்குத் தோங் சாய் மருத்துவ நிலையம் இருக்கிறது. 1867ல் தொடங்கியது, இனம் மதம் பார்க்காமல் இலவசமாகப் பார்க்கும் இடம். எங்கே போனாலும், சிங்கப்பூரில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சீன மருத்துவர்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பெயரைச் சீன மருத்துவர் கழகத்தின் இணையப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

மொழிக்கு நான் செய்தது இது. வீட்டிலேயே ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போனேன். மாதவிலக்கு தேதிகள், தூங்கும் நேரம், எடுக்கும் மாத்திரைகள், எப்போதிலிருந்து நாட்டம் இல்லை என்பது. கடைசி வரியை எழுதத்தான் நேரம் பிடித்தது. அவர் அதைத்தான் முதலில் படித்தார். போவதற்கு முன் காப்பி, மஞ்சள் சேர்த்த சாப்பாடு வேண்டாம் என்று சொல்லுங்கள். நாக்கில் நிறம் ஒட்டிக்கொண்டு அவருக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். முதல் தடவை நான் காப்பி குடித்துவிட்டுப் போய், அரைமணி நேரம் வெளியே காத்திருந்தேன்.